பழைய காருக்குப் புதிய எஞ்ஜின்: மாற்றலாம், மறைக்கலாமா?

 

சாத்தூரை அடுத்த இருக்கன்குடி, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் அமைந்த ஊர். அங்குள்ள மாரியம்மன் கோயிலுக்கு ஆடி மாதத்தின் கடைசி வெள்ளியன்று நம் இந்துச் சகோதரர்கள் லட்சக்கணக்கில் திரண்டு வருவதை நீங்கள் அறிவீர்கள். அந்நாளில் அவ்வூர்ச் சாலையோரம் சற்று நேரம் நின்றால், வாகனங்களின் வரலாற்றையே கண்டுவிடலாம். நேற்றுக் கடையிலிருந்து இறங்கிய காருக்குப் பின்னால், எப்போதேனும் ஓர் அம்பாசிடரும் ஊர்ந்து வரும். உருண்டை முகம், தடித்த பம்பர், குடும்பமே அடங்கும் இருக்கை. பார்த்தால் பழைய கார்தான். முன்மூடியைத் திறந்தால், உள்ளே இருப்பது அதனுடன் பிறந்த எஞ்ஜினாக இராது. அனுபவமுள்ள மெக்கானிக் மூடியைத் திறக்காமலேயே, ஒலியைக் கேட்டு இதைச் சொல்லிவிடுவார்.

‘கிதாபு ஓதிக்கொடுப்பவருக்குக் கார் எஞ்ஜினோடு என்ன வேலை?’ என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் பழைய காரில் எஞ்ஜின் மாற்றும் விஷயத்தில் குடும்பத்தின் பணம் இருக்கிறது. பயணிகளின் உயிர் இருக்கிறது. கொடுக்கல் வாங்கலின் நேர்மை இருக்கிறது. சில வேளைகளில் உடன்பிறந்தாரின் வாரிசுரிமையும் இருக்கிறது. இவை நான்கும் மார்க்கம் பேசுகின்ற விஷயங்களே.

தேவையும் ஆசையும்

1990களில் பெட்ரோல் அம்பாசிடர் வைத்திருந்தோர் பலர் அதன் எஞ்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்ஜினைப் பொருத்தினர். அந்நாளில் எரிபொருளின் விலையை அரசே நிர்ணயித்தது. டீசலின் விலை பெட்ரோலைக் காட்டிலும் வெகு குறைவாக இருந்தது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தவருக்கு, எஞ்ஜினுக்குச் செலவிட்ட தொகை எரிபொருள் மிச்சத்தில் திரும்பி வந்தது. அது பிழைப்புக்கான வழி. அதில் ஆடம்பரம் ஏதுமில்லை.

2010 ஜூனில் பெட்ரோலும், 2014 அக்டோபரில் டீசலும் அரசின் விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டன. இரண்டுக்கும் இடையில் இருந்த பெரிய இடைவெளி சுருங்கிவிட்டது. அம்பாசிடர் உற்பத்தியும் 2014 மே மாதத்துடன் நின்றுபோயிற்று. எனவே இன்று பழைய காருக்கு வேறு எஞ்ஜின் தேடுவோரில் பலரைச் செலுத்துவது தேவையைவிட ஆசையே. பாட்டனார் காலத்து உடல் வேண்டும். அது இன்றைய கார்போல் பாயவும் வேண்டும்.

இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. 1955இல் வெளிவந்த செவர்லே வி-8 எஞ்ஜினைப் பழைய கார்கள் பலவற்றில் ஏற்றி ஓட்டுவது அமெரிக்க இளைஞர்களின் பொழுதுபோக்காகவே வளர்ந்தது. அருகிலுள்ள கியூபாவிலோ நிலைமை வேறு. 1960களில் அமெரிக்கா விதித்த வணிகத் தடையால் புதிய கார்களும் உதிரி பாகங்களும் அங்கு வராமல் போயின. ஆகவே 1950களின் அமெரிக்கக் கார்களுக்குள் சோவியத் நாட்டு எஞ்ஜினையும் ஜப்பானிய எஞ்ஜினையும் பொருத்தி மக்கள் ஓட்டி வருகின்றனர். ஒரே வேலையை ஒருவர் களிப்புக்காகச் செய்கிறார். மற்றவர் கஞ்சிக்காகச் செய்கிறார். நாம் இவ்விருவரில் யார் என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வது நலம். வீண்விரயத்தை மார்க்கம் கண்டிக்கின்றது என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

கம்பெனிகளே செய்த மாற்றம்

‘ஒரிஜினல் எஞ்ஜினைக் கழற்றுவதே பாவம்’ என்பதுபோல் பேசும் கார்ப் பிரியர்களும் உண்டு. அவர்கள் நம் நாட்டுக் கார்களின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அம்பாசிடரின் உடல், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் உடல். கல்கத்தாவுக்கு அருகில் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் தயாரித்தது. தொடக்கத்தில் அதற்கு 1476 சி.சி. எஞ்ஜின். 1959இல் அதை நீக்கி 1489 சி.சி. எஞ்ஜினை வைத்தனர். பின்னர் டீசல் எஞ்ஜினும் வந்தது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு நிறுவனத்து 1817 சி.சி. எஞ்ஜினையும், ஐந்து கியர் கொண்ட பெட்டியையும் சேர்த்தனர். உடல் ஏறக்குறைய அப்படியே இருக்க, உயிர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

அதே நிறுவனம் 1984இல் கான்டெஸா காரைக் கொண்டு வந்தது. வாக்ஸால் காரின் பெரிய உடலுக்குள் அம்பாசிடரின் அதே 1489 சி.சி. எஞ்ஜின். யானைக்குக் குதிரையின் கால் வைத்தாற்போல் அது திணறியது. பின்னர் இசுசு எஞ்ஜினை ஏற்றிய பிறகே அக்கார் தன் தோற்றத்துக்கேற்ப ஓடிற்று.

பம்பாயின் பிரீமியர் நிறுவனம் 1985இல் ஃபியட் 124 காரின் உடலில் நிசான் எஞ்ஜினை வைத்து ஒரு காரை வெளியிட்டது. அதன் பெயர் பிரீமியர் 118 என்.இ. அந்த ‘என்.இ.’ என்ற இரண்டு எழுத்துகளுக்கு என்ன பொருள் தெரியுமா? நிசான் எஞ்ஜின் என்பதே. இசுசு எஞ்ஜின் ஏற்றிய அம்பாசிடருக்கும் ‘1800 ஐ.எஸ்.இசட்.’ என்றே பெயரிட்டனர். உடல் ஓரிடத்தது, எஞ்ஜின் வேறிடத்தது என்பதைக் கம்பெனி மூடி மறைக்கவில்லை. காரின் பெயரிலேயே எழுதி ஊரறியச் செய்தது.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் நம் சென்னையிலேயே உண்டு. ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் நிறுவனம் 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை வெளியிட்டது. உடல், 1977ஆம் ஆண்டின் சிறந்த காராக ஐரோப்பாவில் தேர்வு பெற்ற ரோவர் காரின் உடல். இங்கிலாந்தில் முதலில் அதற்குள் இருந்தது 3.5 லிட்டர் வி-8 எஞ்ஜின். சென்னையில் அதற்குள் வைத்ததோ, 1940களின் வான்கார்டு கார் குலத்தைச் சேர்ந்த 1991 சி.சி. எஞ்ஜின். ஃபெர்குசன் டிராக்டருக்கும் உழைத்த குலம் அது. மணமகனின் ஆடை புதிது. உள்ளே இருந்தவரோ வயோதிகர். பெரும் விலை கொடுத்து வாங்கியோர் வேகத்திலும் எரிபொருள் செலவிலும் ஏமாற்றம் அடைந்தனர். சில ஆண்டுகளுக்குள் அக்காரின் உற்பத்தி நின்றது.

ஆகவே எஞ்ஜினை மாற்றுவது தன்னளவில் நல்லதுமன்று, கெட்டதுமன்று. உடலுக்கும் எஞ்ஜினுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். உள்ளிருப்பது இன்னதென்று வெளியில் சொல்லப்பட வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் அது சீர்திருத்தம். இல்லையேல் அது வேடம்.

எஞ்ஜினோடு முடிவதில்லை

பட்டறையில் பேசும்போது எஞ்ஜின் விலையும் கூலியும் மட்டுமே பேசப்படும். காரோ ஓர் உடலைப் போன்றது. ஓர் உறுப்பை மாற்றினால் மற்ற உறுப்புகள் யாவும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

முதலாவது, எடை. பெட்ரோல் எஞ்ஜின் இருந்த இடத்தில் டீசல் எஞ்ஜினை வைத்தால் முன்பாரம் பெரும்பாலும் கூடும். அம்பாசிடருக்கு லாரியைப்போல் தனிச் சேஸ் கிடையாது. தகட்டு உடலே சேஸின் வேலையையும் செய்கிறது. பல்லாண்டு துரு அரித்த தகட்டில் புதிய மவுண்டிங்கைப் பற்றவைத்தால், எஞ்ஜினின் அதிர்வு அந்த இடத்தை நாள்தோறும் பிய்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, பிரேக். பழைய அம்பாசிடர்களில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே. 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரை 80 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தினால், அதை நிறுத்த பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. விருதுநகரிலிருந்து சாத்தூர் வழியே செல்லும் நான்குவழிச் சாலையில் புதிய எஞ்ஜின் காரைப் பாயவைக்கும். மாடு குறுக்கே வரும்போது அதை நிறுத்த வேண்டியது பழைய பிரேக்கன்றோ! எஞ்ஜினுக்கு முன் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சீர்செய்யாத மெக்கானிக், எத்துணைக் கைதேர்ந்தவராயினும், பாதி வேலையே செய்தவராவார்.

மூன்றாவது, கியர் பெட்டியும் பின் அச்சும். எஞ்ஜின் சுழலும் வேகத்துக்கு இவை பொருந்தாவிடில், கார் ஏற்றத்தில் திணறும். அல்லது சமதளத்தில் வீணாக அலறும். ரேடியேட்டர் சிறியதாயின் சித்திரை வெயிலில் தண்ணீர் கொதிக்கும்.

நான்காவதாக மின்கம்பிகள். டீசல் எஞ்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மிகுந்த மின்சாரத்தை இழுக்கும். உறை வெடித்த பழைய கம்பிகளோடு அதை இணைத்தால் சூடேறித் தீப்பற்றலாம். ஒரு சிறு பொறி என்ன செய்யும் என்பதை நம் மாவட்டத்தாருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நிகழ்ந்ததை நாம் மறக்கவில்லை. தீப்பெட்டியோடும் பட்டாசோடும் வாழும் ஊர்களின் சாலைகளில் கம்பி கருகிய வாடையோடு ஒரு கார் ஓடலாமா? வீட்டுச் சமையல் எரிவாயு உருளையைக் காருக்குள் வைத்து ஓட்டும் துணிச்சலும் இத்தகையதே. காருக்கென அங்கீகரிக்கப்பட்ட எரிவாயுத் தொட்டி வேறு, அடுப்புக்கான உருளை வேறு. முன்னதற்குச் சட்டத்தில் இடமுண்டு, பின்னது குற்றம்.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்த நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. எரிவாயு, மின்சாரம் போன்ற வேறு எரிபொருளுக்கோ ஆற்றலுக்கோ மாற்றுவதற்கு, அங்கீகரிக்கப்பட்ட கருவித் தொகுப்பைக் கொண்டு, விதிகளுக்கு உட்பட்டு அனுமதி உண்டு. எஞ்ஜினை மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலின்றி மாற்றம் நிகழ்ந்திருப்பின், 14 நாட்களுக்குள் அந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அப்பிரிவில் உள்ளது.

கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை உறுதிப்படுத்தியது. நிறுவனத்தின் மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்று அது தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்துள்ளது.

பழமையைப் போற்றுவோர் அறிய வேண்டிய செய்தி இன்னொன்று. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு முறையைக் கொண்டு வந்தது. 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத வாகனங்களுக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில், 10 ஆண்டுகளுக்கு, ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும். அவற்றைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது. உடலிலோ எஞ்ஜினிலோ பெரும் மாற்றம் செய்யாமல் மூல வடிவில் காத்திருக்க வேண்டும் என்பது இதற்கான நிபந்தனை. ஆகவே எஞ்ஜினை மாற்றுகிறவர் இந்தத் தகுதியை இழக்க நேரிடும் என்பதை உணர்ந்தே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

வாங்குபவரின் உரிமை

இனி மார்க்கத்துக்கு வருவோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தபோது, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கக் கண்டார்கள். அந்த வணிகரைக் கண்டித்து, ஈரமானதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். நாம் சிறுவயதில் ஓதிய ஹதீஸ்தான். காரின் முன்மூடிக்கு அடியில் இருப்பதும் இத்தகைய குவியலே. பளபளக்கும் பெயிண்டைக் காட்டி, கழற்றி மாற்றிய எஞ்ஜினைப் பற்றி வாய் திறவாமல் விற்பவர், ஈரத்தை உள்ளே மறைத்தவர் ஆகிறார்.

பொருளில் மறைந்துள்ள குறையை ‘ஐப்’ என்று ஃபிக்ஹு நூல்கள் குறிப்பிடும். விற்பனைக்கு முன்பே இருந்த குறையை அறியாமல் வாங்கியவருக்கு, அறிந்தவுடன் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் ஓர் எண்ணும் எஞ்ஜினில் வேறோர் எண்ணும் இருப்பது குறையன்றி வேறென்ன? வாங்கியவர் பெயர் மாற்றத்துக்குச் சென்றால் அலுவலகத்தில் நிறுத்தப்படுவார். விபத்துக்கு இழப்பீடு கோரினால் எண்கள் வேறாக இருப்பதே தகராறுக்கு வாசலாகும். அந்த எஞ்ஜின் திருட்டுக் காரிலிருந்து கழற்றப்பட்டதாயின், ஒன்றுமறியாதவர் காவல் நிலையப் படியேற நேரும். ‘அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை’ என்ற சமாதானம் மறுமையில் எடுபடுமா?

வாடகைக்கு ஓட்டும் சகோதரர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். திருமணத்துக்கோ கோயிலுக்கோ மருத்துவமனைக்கோ நம் காரில் ஏறும் குடும்பம், தன் குழந்தைகளை நம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கிறது. அவர்கள் எந்தச் சமயத்தவராயினும் அமானிதம் அமானிதமே.

அத்தா விட்டுச்சென்ற கார்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அத்தா பல்லாண்டு ஓட்டிய அம்பாசிடர், அவர் மறைந்த பின் கொட்டகையில் நிற்கிறது. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் மூத்த மகன், ‘அத்தா நினைவாக இதற்குப் புது எஞ்ஜின் போட்டு ஓட்டுவேன்’ என்கிறார். பாசத்தில் பிறந்த ஆசைதான். ஆனால் அந்தக் கார் யாருடையது?

அத்தாவின் கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த பின், எஞ்சியதெல்லாம் வாரிசுகளின் உடைமை. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் ஆகியோர் மட்டுமே வாரிசுகள் எனக் கொண்டால், காரை 40 பங்காக எண்ண வேண்டும். அம்மாவுக்கு எட்டில் ஒன்றான 5 பங்கு, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. காரின் மதிப்பு 80,000 ரூபாய் என்றால் அம்மாவுக்கு 10,000, மகன்களுக்குத் தலா 28,000, மகளுக்கு 14,000. மூத்தவருடையது 14 பங்கு மட்டுமே. மீதி 26 பங்கின் உரிமையாளர்களைக் கேளாமல் எஞ்ஜினைக் கழற்ற அவருக்கு உரிமை ஏது?

‘பழைய இரும்புதானே, தங்கச்சி என்ன கேட்கப் போகிறாள்?’ என்பர். அவள் கேட்கமாட்டாள் என்பதனாலேயே நாம் கொடுக்க வேண்டும். மூத்தவர் ஒரு லட்சம் செலவிட்டு எஞ்ஜினை மாற்றிய பின், கார் நல்ல விலைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது உயர்ந்த விலை யாருக்கு என்ற கேள்வி எழும். பெருநாளன்று ஒரே தட்டில் உண்டவர்கள் முகம் திருப்பிக்கொள்வார்கள். இதற்கு வழி எளிது. முதலில் காரை மதிப்பிட்டு, மற்றவர்களின் பங்கைப் பணமாகக் கொடுத்து, எழுதி வாங்கிக்கொள்க. ஆர்.சி.யைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்க. அதன் பின்னரே பட்டறைக்குப் போகட்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நினைத்துப் பார்த்தால், எழுத்துக்கு மார்க்கம் தரும் இடம் விளங்கும்.

செய்ய விரும்புவோர் கவனத்துக்கு

1. கார் முழுமையாக உங்களுக்கே உரியதா என்பதை உறுதி செய்யுங்கள்.

2. பட்டறைக்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகம் செல்லுங்கள். எந்த எஞ்ஜினுக்கு ஒப்புதல் கிடைக்கும் என்று கேட்டறிந்த பின்னரே பணம் கொடுங்கள். அதே வகை எஞ்ஜின் கிடைத்தால் அதுவே சிக்கல் குறைந்த வழி.

3. சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் பழைய எஞ்ஜின் வாங்கினால், எஞ்ஜின் எண் குறித்த ரசீது பெறுங்கள். எந்தக் காரிலிருந்து வந்தது என்பதற்கு ஆவணம் கேளுங்கள். எண் தேய்க்கப்பட்டிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

4. செலவுக் கணக்கில் பிரேக், மின்கம்பி, ரேடியேட்டர், முன் சஸ்பென்ஷன் ஆகியவற்றையும் சேருங்கள். இவற்றுக்குப் பணம் போதாதெனில் எஞ்ஜினைத் தள்ளிப்போடுங்கள்.

5. மாற்றம் முடிந்ததும் ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் புதிய எண்ணைப் பதியச் செய்யுங்கள்.

6. விற்கும்போது, வாங்குபவர் கேட்கும் முன்பே முன்மூடியைத் திறந்து காட்டுங்கள். சொல்வதனால் விலை சற்றுக் குறையலாம்; கிடைப்பது ஹலாலான விலை.

வாசக நேயர்களே! பழைய பொருளைத் தூக்கியெறியாமல் சீர்செய்து பயன்படுத்துவது நற்பழக்கம். தந்தையின் காரைப் போற்றுவதும் நல்லெண்ணமே. ‘இதனுள் இருப்பது நிசான் எஞ்ஜின்’ என்று ஒரு கம்பெனி தன் காரின் பின்புறத்திலேயே எழுதி வைத்தது. இலாபத்துக்காக நடந்த நிறுவனம் செய்ததை, மறுமையை நம்பும் நாம் செய்யாதிருக்கலாமா? நம் காரிலும், நம் வணிகத்திலும், நம் உள்ளத்திலும் உள்ளிருப்பதும் வெளியில் சொல்வதும் ஒன்றாக இருக்க வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.